தாம்பரம் ரயிலில் ஓர் உப்பு மீட்டர்

எங்கள் மாநில அரசு, பல்கலைக்கழகத்தை ஒட்டி ஓர் அறிவியல் பூங்கா அமைக்கப் போகிறது என்ற செய்தியை மலேசியாவின் பினாங்கில் முதலில் அச்சிட்டது எங்கள் பத்திரிகைதான். அப்படியென்றால் என்ன என்று முதலில் கேட்டதும் நாங்கள்தான். அச்சிட்ட பிறகு கேட்டோம்.

ஆசிரியர் விசாரித்துத் தெரிந்துகொண்டது இவ்வளவு: பல்கலைக்கழக வேலிக்குள்ளேயே சிறு நிறுவனங்களுக்கு அறை தருவார்கள். ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடிக்கிறவரும் அதைப் பொருளாக்கி விற்கிறவரும் ஒரே வாசலில் நுழைவார்கள். அந்த வட்டாரத்துக்கு எது தேவையோ அது அந்த வட்டாரத்திலேயே பிறக்கும். அயல்நாட்டு ஆலைகளுக்குப் பாகங்கள் பூட்டிக் கொடுத்தே பழகிய எங்கள் ஊருக்கு இந்த யோசனை புதிது.

"மதராஸில் தாம்பரம் பக்கம் ஒரு கல்வி நிறுவனம் ஏற்கெனவே நடத்துகிறதாம். போய்ப் பார்த்து எழுது," என்றார் ஆசிரியர். அலுவலகத்தில் தமிழ்நாட்டில் உறவினர் இல்லாதவன் நான் ஒருவன்தான். வேறு யாரை அனுப்பினாலும் கல்யாணம், காதுகுத்து என்று ஒரு மாதம் இழுத்துவிடும் என்பது அவர் கணக்கு.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. புரட்டாசி முடியப் போகிறது; வெயில் மட்டும் சித்திரையிலேயே இருந்தது. விமான நிலையத்துக்கு வெளியே ஓர் ஆட்டோக்காரர் நான் சம்மதிப்பதற்கு முன்பே என் பெட்டியை ஏற்றிவிட்டார். வண்டியில் மீட்டர் இருந்தது. சுட்டிக் காட்டினேன்.

"மீட்டர் கீது சார். போட்டா உனுக்கும் பேஜாரு, எனுக்கும் பேஜாரு."

பினாங்கில் டாக்சிக்காரர் மீட்டர் கெட்டுவிட்டது என்று பொய் சொல்வார். இங்கே பொய் இல்லை. அந்த நேர்மை எனக்குப் பிடித்துப் போயிற்று.

மாம்பலம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் அறை. மேலாளர் தாமே ஒரு கூஜாவில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். குடித்தேன். கொஞ்சம் கனமாக இருந்தது.

"எப்படி சார் தண்ணி?"

"ஒரு ருசி இருக்கிறது," என்றேன்.

"நம்ம போர் தண்ணி சார். இந்த ருசி மெட்ராஸ்ல வேற எங்கயும் கெடைக்காது. எதுத்த லாட்ஜ்ல லாரித் தண்ணி. வாயில வைக்க முடியாது."

மறுநாள் காலை அங்கேயே காப்பி குடித்தபோது யாரோ ஒரு கல் உப்பு போட்டிருப்பது போலத் தோன்றியது. எங்கள் ஊரில் கெட்டிப் பாலை ஊற்றிக் காப்பியைப் பாயசமாக்குவார்கள். இவர்கள் வழக்கம் இப்படிப் போலும் என்று குறிப்பெடுத்துக்கொண்டேன்.

மாம்பலத்தில் தாம்பரம் போகும் மின்சார ரயில் வந்ததும், காலியாக இருந்த பெட்டியாகப் பார்த்து ஏறினேன். காலை வேளையில் ஊரே தாம்பரத்திலிருந்து கடற்கரைப் பக்கம் போகிறது. எதிர்த் திசையில் போகிறவன் காலை நீட்டி உட்காரலாம். நீட்டினேன்.

"யோவ் பெர்சு, இன்னா ஜாலியா குந்திகினு கீற? லேடீஸ் பெட்டி இது!" என்றார் மீன் கூடை வைத்திருந்த ஓர் அம்மாள்.

"போர்டைப் பார்க்கவில்லை," என்றேன்.

"போர்டப் பாக்கல, சரி. எங்க மூஞ்சியக்கூடவா பாக்கல?"

பெட்டி முழுவதும் சிரித்தது. சைதாப்பேட்டையில் இறங்கி அடுத்த பெட்டிக்கு ஓடினேன்.

அங்கே எதிரெதிர்ப் பலகைகளில் ஜன்னலோரம் ஓர் இடம் காலி. உட்கார்ந்தேன். எதிரே இருந்த கண்ணாடிக்காரர் பதறினார். "சார், அடில பாருங்கோ. கைக்குட்டை இருக்கு. அது கிரேஸோட இடம்."

"கிரேஸ் யார்?"

"இதோ ஏறிண்டிருக்காளே."

நான் பக்கத்தில் நகர்ந்தேன். அங்கேயும் ஒரு கைக்குட்டை. அது முனுசாமியின் இடம். முனுசாமி இட்லி வடகறிப் பொட்டலத்தோடு ஏறிக்கொண்டிருந்தார். கடைசியில் கைக்குட்டை போடாத ஒரு மூலையை எனக்கு ஒதுக்கிக் கொடுத்தார்கள்.

கிரேஸுக்கு முப்பது வயதிருக்கும். தோளில் ஒரு பெரிய பை. முனுசாமி காக்கிச் சட்டை போட்ட எலெக்ட்ரீஷியன். கண்ணாடிக்காரர் நரசிம்மன், மூவரில் மூத்தவர். முழங்கால்கள் மேல் ஒரு துண்டை விரித்து, மேலே சீட்டுக் கட்டை வைத்து ரம்மி தொடங்கினார்கள். வடகறியில் எனக்கும் ஒரு பங்கு வந்தது. பினாங்கின் நாசி கண்டார் சோற்றுக் குழம்புக்குப் பிறகு எனக்கு நாக்கில் வேலை கொடுத்த முதல் பதார்த்தம் அதுதான்.

சீட்டு ஒரு பக்கம் நடந்தது. பேச்சு இன்னொரு பக்கம் நடந்தது.

"நேத்திக்கு என்ன காட்டித்து?" என்றார் நரசிம்மன்.

"காலைல சரியா இருக்குண்ணா," என்றாள் கிரேஸ். "மத்தியானம் அதே தண்ணில வெச்சா உப்பு ஏறிடுது."

"உப்பு ஏறலம்மா, சூடுதான் ஏறிடுத்து. தண்ணி சூடானா உப்பு அதுக்குள்ள வேகமா ஓடும். உன் மீட்டர் அந்த ஓட்டத்தப் பாத்துட்டு உப்பு ஜாஸ்தின்னு நெனச்சுக்கறது."

"அதுக்கு இன்னா பண்றது வாத்யாரே?" என்றார் முனுசாமி. "மீட்டருக்குக் கொட புடிக்கிறதா?"

"எவ்வளவு சூடுன்னு மீட்டருக்கே தெரியணும் ஓய். சூட்ட உணர்ற சின்னப் பாசிமணி மாதிரி ஒண்ணு கெடைக்கறது. அத முனைல சேத்துட்டா மீட்டரே கழிச்சுக்கும்."

"நீ கழிச்சது போதும். ரம்மி!" என்று முனுசாமி சீட்டைக் கவிழ்த்தார்.

தாம்பரத்தில் நால்வரும் இறங்கினோம். நால்வரும் ஒரே டவுன் பஸ்ஸில் ஏறினோம். பீர்க்கன்கரணை ஏரியைத் தாண்டி ஒரே வாசலில் இறங்கினோம். வழி நெடுக, பூச்சுப் பூசாத புதிய வீடுகள். வீட்டுக்கு ஓர் ஆழ்குழாய். ஆழ்குழாய் இருந்தும் வாசலில் வண்ண வண்ணக் குடங்கள் தண்ணீர் லாரிக்காகக் காத்திருந்தன. நான் பார்க்க வந்த அறிவியல் பூங்கா அந்த வாசலுக்குள்தான் இருந்தது. என்னோடு வடகறி சாப்பிட்டவர்களில் ஒருவர் அதன் எலெக்ட்ரீஷியன், ஒருவர் வேதியியல் பேராசிரியர், ஒருத்தி அங்கே அறை எடுத்துத் தொழில் நடத்துகிறவள். வாசலைத் தாண்டியதும் மூவரும் முன்பின் தெரியாதவர்கள் போல மூன்று பக்கமாகப் பிரிந்து போனார்கள்.

பூங்காவின் இயக்குநர் டாக்டர் சதாசிவம் அன்பான மனிதர். இங்கிலாந்தில் இப்படி ஒரு பூங்காவில் சில வாரங்கள் இருந்துவிட்டு வந்தவர். வளாகத்திலேயே வீடு, அலுவலகத்துக்குக் காரில் வருவார்.

"கண்டுபிடிப்புங்குறது கூட்டம் போட்டா வராது சார்," என்றார். "பேராசிரியரும் தொழில்காரரும் தற்செயலா சந்திக்கணும். ஒரு டீயக் கையில வெச்சுக்கிட்டு ஏதாவது பேசணும். அதுலதான் பொறி பறக்கும். அங்க அதத்தான் பாத்தேன். அதனால தினமும் பதினோரு மணிக்குத் தற்செயலாச் சந்திக்க ஏற்பாடு பண்ணியிருக்கேன்."

பதினோரு மணிக்கு முனுசாமி மணி அடித்தார். தற்செயல் தொடங்கியது.

பெரிய கூடம், உறை கழற்றாத சோபாக்கள். பேராசிரியர்கள் சோபாவில் உட்கார்ந்தார்கள். நடுவில் வேதியியல் துறைத் தலைவர். தொழில்காரர்கள் சுவரோரமாக டீயும் கையுமாக நின்றார்கள். பேராசிரியர் முன்னால் எப்படி உட்காருவது? முனுசாமி மணிக்குப் பக்கத்தில் நின்றார். யாரும் பேசவில்லை. ஒரு முறை கிரேஸின் பார்வை நரசிம்மன் பக்கம் போயிற்று. "குட் மார்னிங் சார்," என்றாள். அவர் தலையசைத்தார். காலையில் அவரோடு ஒரே துண்டின் மேல் சீட்டாடியவள் அவள்.

"பாத்தீங்களா, பேச மாட்டேங்குறாங்க," என்றார் இயக்குநர் என் காதில். "சோபா இன்னும் கொஞ்சம் வாங்கணும்."

பிறகு கிரேஸின் அறையைப் பார்க்கப் போனேன். ஒரு மேசை, இரண்டு பெண் ஊழியர்கள், சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவி. அதன் முனையைத் தண்ணீரில் நனைத்தால் முள் நகரும். பச்சையில் நின்றால் குடிக்கலாம், சிவப்பில் நின்றால் கூடாது. வேளச்சேரியில் அவள் அத்தை வீடு கட்டி ஆழ்குழாய் போட்டபோது முதல் மாதம் இனித்த தண்ணீர் மூன்றாம் மாதம் கரித்ததாம். தெற்குப் புறநகர் முழுவதும் இதே கதை. அத்தை அழுததைப் பார்த்துத்தான் பள்ளி ஆசிரியை வேலையை விட்டு இதில் இறங்கினாள்.

"அடுத்த வாரம் பூங்காவச் சோதிக்க தில்லிலேர்ந்து ஒரு குழு வருது சார்," என்றாள். "இங்க இருக்கிற எந்தத் துறையோடயும் தொடர்பில்லாத கம்பெனிங்க ரூமக் காலி பண்ணணும். லிஸ்ட்ல என் பேருக்கு நேரா தொடர்பு இல்லைன்னுதான் இருக்கு. வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் பண்ணலாம்னா, எங்க வீட்ல மிக்சி போட்டாலே லைட்டு மங்கிடும்."

"பேராசிரியர் நரசிம்மன்தான் உதவுகிறாரே?"

அவள் கதவைப் பார்த்தாள். "மெதுவா சார். துறைத் தலைவர் அனுமதி இல்லாம அவர் வெளிக் கம்பெனிக்கு உதவக் கூடாது. தலைவர் யாருக்கும் அனுமதி கொடுத்ததில்ல. அவரோட சின்ன வயசுல அவருக்கு யாரும் கொடுக்கலையாம். தெரிஞ்சா அண்ணாவோட பதவி உயர்வு போயிடும். நீங்க எழுதிடாதீங்க."

எழுதவில்லை.

அந்த வாரத்தில் நான் தினமும் அதே ரயிலில் போனேன். எனக்கும் ஒரு கைக்குட்டை போடப்பட்டது. கிரேஸ் அந்தச் சின்ன மணியை வாங்கிப் பொருத்தினாள். மத்தியானம் சரியாயிற்று, இப்போது காலையில் தப்பியது. இன்னும் கொஞ்சம் திருத்த வேண்டும், நாளைக்கு ரயிலில் பார்க்கலாம் என்றார் நரசிம்மன்.

நாளைக்கு ரயில் இல்லை. இயக்குநர் பேருந்து விட்டுவிட்டார்.

குழு வருகிற நேரத்தில் எல்லோரும் களைப்பில்லாமல் வந்து சேர வேண்டும் என்பது அவர் நல்லெண்ணம். பல்லாவரத்துக்காரர் ஒருவரிடம் வாடகைக்கு எடுத்த சொகுசுப் பேருந்து மாம்பலத்தில் வந்து நின்றது. நானும் ஏறினேன். ஏறியதும் யாரும் சொல்லாமலே பேராசிரியர்கள் முன்னிருக்கைகளிலும் தொழில்காரர்கள் பின்னிருக்கைகளிலும் அமர்ந்தார்கள். துறைத் தலைவர் நரசிம்மனைத் தம் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டார். கிரேஸ் கடைசி வரிசையில், மடியில் மீட்டரோடு. ஊழியர் அட்டை இல்லாத ஒப்பந்த ஆள் என்பதால் முனுசாமிக்குப் பேருந்தில் இடமில்லை.

கிண்டியில் நெரிசல், பரங்கிமலையில் நெரிசல். அங்கிருந்து தாம்பரம் வரை சாலையும் தண்டவாளமும் பக்கத்திலேயே ஓடுகின்றன. பல்லாவரத்தில் நாங்கள் ஒரு தண்ணீர் லாரிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தபோது ரயில் எங்களைத் தாண்டிப் போயிற்று. பேருந்தில் எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. வாசற்படியில் முனுசாமி நின்றுகொண்டு, விசிறி போல விரித்த சீட்டுகளை எங்களுக்குக் காட்டினார். முன்னால் நரசிம்மன் பெருமூச்சு விட்டது பின்வரிசை வரை கேட்டது.

"வயிறு சரியில்லையா?" என்றார் துறைத் தலைவர்.

மறுநாளும் அப்படியே. மீட்டர் காலையில் தப்பிக்கொண்டேயிருந்தது. பதினோரு மணிக் கூடத்தில் புதிய சோபாக்கள் வந்திருந்தன.

"பஸ் எப்படி சார்?" என்று இயக்குநர் என்னைக் கேட்டார்.

"மிகவும் அமைதியாக இருக்கிறது," என்றேன்.

"அதான் வேணும்," என்றார்.

குழு வந்த நாள், ஆயுத பூஜைக்கு முந்தின வேலை நாள். விடுமுறைக்கு முன்பே அலுவலகங்களும் பட்டறைகளும் பூஜையை முடித்துவிடுகிற நாள். பேருந்து அன்று விருந்தினருக்கு மட்டும் என்பதால் மற்றவர்களுக்கு மீண்டும் ரயில். அயல்நாட்டுப் பத்திரிகையாளர் ஒருவரும் கூட இருந்தால் நன்றாக இருக்கும் என்று இயக்குநர் என்னைக் கிண்டி விருந்தினர் விடுதிக்கு அனுப்பியிருந்தார்.

குழுத் தலைவி திருமதி ராவ், தில்லியில் வாழும் தெலுங்குப் பெண்மணி, இயற்பியல் படித்தவர். கூடவே கோப்புகளைச் சுமந்த ஓர் இளம் அதிகாரி. வாசலில் காத்திருந்தோம். பேருந்து வரவில்லை. அதன் ஓட்டுநர் ஒரு மொபெட்டில் வந்தார். நெற்றி நிறையச் சந்தனம். கையில் ஒரு பொட்டலம்.

"வண்டி வராது சார். மொதலாளி காலைலயே பூஜ போட்டு ஷெட்ல நிறுத்திட்டாரு. இனிமே விஜயதசமிக்குத்தான் சாவி குடுப்பாரு. உங்களுக்குப் பொரி குடுத்தனுப்பினாரு."

திருமதி ராவுக்கு ஆங்கிலத்தில் விளக்கினேன். அவர் ஒரு பிடி பொரியை வாயில் போட்டுக்கொண்டு, "தாம்பரத்துக்கு வேறு எப்படிப் போவீர்கள்?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்தது ஒரு வழிதான். ஒரு பெட்டிதான்.

ரயில் வந்தபோது அந்தப் பெட்டி வாசலில் இரண்டு வாழைக்கன்றுகள். உள்ளே கைப்பிடிகளில் மாவிலைத் தோரணம். ஆண்டுதோறும் அந்தப் பெட்டிக்காரர்கள் கடற்கரை நிலையத்திலேயே ஏறி ரயிலுக்குப் பூஜை போடுவார்களாம், பூசாரி முனுசாமி. ஜன்னலோரப் பலகையில் சாமி படம். முன்னால் அவரவர் ஆயுதம்: திருப்புளி, கணக்குப் பொறி, நரசிம்மனின் பேனா, நடுவில் சீட்டுக் கட்டு. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். ரயிலில் நெருப்பு கூடாது என்பதால் கொளுத்தாத கற்பூரத்தைத் தட்டில் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார் முனுசாமி. எல்லோரும் ஒற்றிக்கொண்டார்கள்.

சீட்டுக் கட்டுக்குப் பக்கத்தில் மீட்டர். அதன் நெற்றியிலும் பொட்டு.

"வாங்க சார்!" என்றார் நரசிம்மன். "ஊர்லேர்ந்து விருந்தாளியா? உக்காருங்கோம்மா."

நான் வாயைத் திறந்தேன். திருமதி ராவ் என் கையைத் தொட்டு, வேண்டாம் என்று தலையசைத்தார். பத்திரிகைக்காரனை வாயை மூடச் சொல்வது எளிதல்ல. ஆனால் வேடிக்கை பார்க்கச் சொன்னால் மூடிக்கொள்வான்.

கிரேஸ் சுண்டல் கொடுத்தாள். முகத்தில் பாதிச் சிரிப்பு, பாதி அழுகை. "சரியாயிடுச்சு சார்! அண்ணா பிளாஸ்க்ல வெந்நீரும் பாட்டில்ல பச்சத் தண்ணியும் கொண்டாந்தாரு. ரெண்டும் ஒரே குழாய்த் தண்ணி. திருப்புளி பூஜைக்குப் போயிடுச்சு, என் ஹேர்பின்னால உள்ள இருக்கிற ஸ்க்ரூவத் திருப்பித் திருப்பி, இப்ப ரெண்டுலயும் முள்ளு ஒரே எடத்துல நிக்குது. நான் பாட்டில மூடறதுக்குள்ள முனுசாமி அண்ணன் மீட்டரத் தூக்கிப் பூஜைல வெச்சுட்டாரு."

"பின்ன?" என்றார் முனுசாமி. "திருப்புளிக்குப் பூஜ கீது. இது மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு?"

"நீங்க கிறிஸ்தவர்தானே," என்றேன் கிரேஸிடம். "உங்களுக்கு நம்பிக்கை உண்டா?"

"எனக்கு இல்ல சார். மீட்டருக்கு இருக்கலாம். குழு வந்து போட்டுக் காட்டுன்னா என்ன பண்றதுன்னுதான் தெரியல."

"விஜயதசமிக்கு முந்தி யாரும் கை வெக்கக் கூடாது," என்றார் முனுசாமி. "போன வருசம் ஒர்த்தன் பூஜ போட்ட டிரில்லர ஓட்டுனான். வெரலு போச்சு."

எல்லோரும் நரசிம்மனைப் பார்த்தார்கள். அவர் முனைவர் பட்டம் பெற்ற விஞ்ஞானி. "ரெண்டு நாள்தானேம்மா," என்றார்.

திருமதி ராவ் நிமிர்ந்து உட்கார்ந்து அந்த மீட்டரைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார். ஆங்கிலத்தில் கேட்டார், நரசிம்மன் பாதி ஆங்கிலத்திலும் பாதித் தமிழிலும் கொட்டினார். உப்பின் ஓட்டம், சூடு, சின்ன மணி, ஹேர்பின் எல்லாம் வந்தன. மதியச் சாப்பாட்டு நேரத்தில் துறையின் கருவியில் தண்ணீரைச் சோதித்துக் கிரேஸின் முள்ளோடு ஒப்பிட்டதும் வந்தது. இளம் அதிகாரி கோப்புகளை மடியில் வைத்து அவற்றின் மேல் சுண்டல் சாப்பிட்டார்.

"இதற்கெல்லாம் உங்களுக்கு நேரம் ஏது?" என்றார் திருமதி ராவ்.

"மாம்பலத்துக்கும் தாம்பரத்துக்கும் நடுவுல, மேடம்."

தாம்பரத்தில் இறங்கியதும் விருந்தினர்களும் நானும் டவுன் பஸ்ஸுக்கு நிற்காமல் ஓர் ஆட்டோ பிடித்தோம்.

பதினோரு மணிக்கு முனுசாமி மணி அடித்தார். இயக்குநர் பேருந்தில் வருகிறவருக்காக வாங்கிய மாலையை ஏற்கெனவே ரயிலில் வந்துவிட்டவருக்குப் போட்டிருந்தார். இயக்குநருக்குப் பக்கத்தில் நடுச் சோபாவில் உட்கார்ந்திருந்த 'விருந்தாளி'யைப் பார்த்ததும் நரசிம்மன் கையிலிருந்த டீ பாதி சாசரில் இருந்தது. சுவரோரம் கிரேஸ் வெளுத்துப் போயிருந்தாள்.

ஒவ்வொரு நிறுவனமாகச் சொல்லி வந்த இயக்குநர், "உப்பு மீட்டர். இவங்களுக்கு எந்தத் துறையோடயும் தொடர்பு இல்ல. வருத்தந்தான்," என்றார். துறைத் தலைவர் ஆமோதித்தார்.

"உங்களுக்கு இங்கே எந்த ஆசிரியரும் உதவவில்லையா?" என்று திருமதி ராவ் கிரேஸைக் கேட்டார்.

கிரேஸ் தரையைப் பார்த்தாள். "இல்ல மேடம்."

புதிய சோபாக்களின் உறைகள் மட்டும் சரசரத்தன. திருமதி ராவ் காத்திருந்தார். நரசிம்மன் சாசரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"அவ சொல்றது சரியில்ல மேடம். நான்தான்."

துறைத் தலைவர் மெதுவாகத் திரும்பினார். "எப்ப?"

"தினமும் சார்."

"துறை நேரத்துலயா?"

"ரயில்ல சார்."

துறைத் தலைவர் விதிகளை எல்லாம் மனத்துக்குள் புரட்டுவது முகத்தில் தெரிந்தது. துறையைப் பற்றி விதி இருந்தது, வளாகத்தைப் பற்றி இருந்தது. ரயிலைப் பற்றி இல்லை.

நரசிம்மன் உட்கார மறந்து நிற்பதைக் கிரேஸ் பார்த்துவிட்டாள். "அண்ணா, உக்காருங்கண்ணா," என்றாள்.

அந்தக் கூடத்தில் அப்படி ஒரு சொல் அதுவரை புழங்கியதில்லை. பேராசிரியர்கள் அத்தனை பேரும் அவளைப் பார்த்தார்கள். மணிக்குப் பக்கத்திலிருந்து முனுசாமி, "குந்து வாத்யாரே, அதான் சொல்ட்டியே," என்றார். நரசிம்மன் உட்கார்ந்தார். சற்று நகர்ந்து சோபாவில் பக்கத்தில் இடம் காட்டினார். கிரேஸ் தயங்கி, அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மீட்டரைப் போட்டுக் காட்டலாமே," என்றார் இயக்குநர், புதிதாகப் பிறந்த உற்சாகத்தோடு.

"கூடாது," என்றார் திருமதி ராவ். "எங்கள் வீட்டிலும் பூஜையில் வைத்த புத்தகத்தை நான் பரீட்சைக்கு முதல் நாள்கூடத் தொட்டதில்லை." பிறகு தீர்ப்புச் சொன்னார். அவர் நாளை தில்லிக்குத் திரும்புகிறார். விஜயதசமி அன்று மத்தியான வெயிலில் மீட்டரைப் போட வேண்டும். வேதியியல் துறைக் கருவியில் துறைத் தலைவரே அதே தண்ணீரைச் சோதிக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் அறை கிரேஸுக்கு. தண்ணீரை இவர்கள் யாரும் கொண்டுவரக் கூடாது. எங்கிருந்து என்று சொல்லாமல் அந்தப் பினாங்குப் பத்திரிகைக்காரர் கொண்டுவரட்டும்.

அன்று மாலை இயக்குநர் என்னைத் தனியே அழைத்தார். "அந்த ரயில் பலகை எவ்வளவு அகலம் இருக்கும்? எதிரெதிரா உக்காந்தா முழங்கால் இடிக்குமா?"

"இடிக்கும்," என்றேன்.

"அதான் விஷயம்," என்று சொல்லிவிட்டுத் தச்சரைக் கூப்பிட ஆள் அனுப்பினார். பேருந்தை நிறுத்துவதாகவும் சொன்னார். மேலே பிடித்துக்கொள்ள கைப்பிடிகளும் வேண்டுமா என்ற சந்தேகம் மட்டும் அவருக்குத் தீரவில்லை.

விஜயதசமி அன்று ரயில் காலி. தண்ணீருக்கு எங்கே அலைவது என்று யோசித்துவிட்டு, அறையிலிருந்த கூஜாவிலிருந்து ஒரு பாட்டிலை நிரப்பிக்கொண்டு கிளம்பினேன்.

முனுசாமி பழமும் பாக்கும் வைத்து மறு பூஜை முடித்து, மீட்டரைக் கிரேஸ் கையில் கொடுத்தார். முனையில் ஒட்டியிருந்த சந்தனத்தை அவள் மூன்று முறை கழுவினாள். உச்சி வெயில். பாட்டிலை முற்றத்தில் சுடும்வரை வைத்தார்கள். துறைத் தலைவர் தம் சாவியால் ஆய்வுக்கூடத்தைத் திறந்து, பாதித் தண்ணீரோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கிரேஸ் மீதித் தண்ணீரில் முனையை நனைத்து சுவிட்சைப் போட்டாள். முள் எழுந்தது. பச்சையைத் தாண்டியது. சிவப்புக்குள் வெகுதூரம் போய் நின்றது.

அவள் முகம் விழுந்துவிட்டது. "இவ்வளவு இருக்காதுண்ணா. மறுபடி சூட்டுல ஏமாந்துருச்சு."

நரசிம்மன் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

துறைத் தலைவர் வெளியே வந்தார். முள் நின்ற இடத்தைக் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

"ஒத்துப்போறது," என்றார்.

முனுசாமி விசில் அடித்தார். கிரேஸ் மீட்டரை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். துறைத் தலைவர் நரசிம்மனிடம், "ரயில் எத்தனை மணிக்கு?" என்று கேட்டது என் காதில் விழுந்தது.

பிறகுதான் நரசிம்மனுக்கு ஞாபகம் வந்தது. "இந்தத் தண்ணிய எங்கேர்ந்து சார் புடிச்சேள்? கோவளம் கடலோரமா? இத ஆடுமாடு வாயில வெக்காதே."

"மாம்பலம்," என்றேன். "என் லாட்ஜ்."

முனுசாமி பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார்.

"நீ இத்த குட்ச்சியா சார்?" என்றார் முனுசாமி.

"வந்த நாளிலிருந்து."

கிரேஸ் முதலில் சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். துறைத் தலைவர் மட்டும் சிரிக்காமல், தம் மேசையிலிருந்த பானைத் தண்ணீரை ஒரு டம்ளரில் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

மாலையில் லாட்ஜுக்குத் திரும்பியபோது மேலாளர் வழக்கம்போலக் கூஜாவோடு வந்தார். அவரை உட்கார வைத்து, மீட்டர், முள், சிவப்பு எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னேன். குனிந்த தலையோடு கேட்டார். வருந்துகிறார் என்று நினைத்தேன்.

"அந்த மீட்டர் எங்க சார் கெடைக்கும்?" என்றார் கடைசியில். "எதுத்த லாட்ஜ் தண்ணிய ஒரு தடவ பாத்துடணும்."

கிரேஸின் அறை இருக்கும் இடத்தை எழுதிக் கொடுத்தேன்.